வேனுக்குள் குளிர், ஃபிரிட்ஜுக்குள் சூடு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மேட்டுப்பாளையத்தில் மதிய வெயிலில் பாலும் கறியும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வேன், இருட்டுவதற்குள் 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் நிற்கிறது. கீழே 33 டிகிரி. டிசம்பர், ஜனவரியில் மேலே விடியற்காலை 5 டிகிரி சாதாரணம். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல் வெளுத்து உறைபனி கிடக்கும். ஒரே நாளில் ஒரே பேட்டரியை வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் குளிர வைக்கவும் வேண்டும், ஆட்களைச் சூடாக வைக்கவும் வேண்டும். டிராவலர், விங்கர், ஈக்கோ என்று எந்த வண்டியைப் படுக்கை போட்டு மாற்றியிருந்தாலும் வரும் கோளாறுகள் ஏறக்குறைய இவைதான். லடாக் போகிறவர்களுக்கு வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒயர் நுனியில் சென்சார் உள்ள தெர்மாமீட்டர் இரண்டு, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. எதைப் பிரிப்பதற்கு முன்பும் ஒரு வேலை செய்யுங்கள். பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பொருளின் முனையிலேயே வோல்ட் பாருங்கள். பேட்டரி முனையில் 12.4 காட்டுவதால் எதுவும் நிரூபணமாகாது. "ஃபிரிட்ஜ் போச்சு", "ஹீட்டர் போச்சு" என்று கழற்றி அனுப்பப்படுபவற்றில் பல, ஒயர் மெலிந்ததால் பட்டினி கிடப்பவை.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது, எழுந்தால் தள்ளாடுகிறது

இதற்கு மட்டும் காரணம் தேடும் வேலை பிறகு. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்குங்கள். அடுப்பையோ ஹீட்டரையோ அணைப்பதுகூட அதற்கப்புறம்தான். ஆள் மயங்கினால் 108.

சந்தேகிக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வரக்கூடிய வழிகள், ஆபத்தின் வரிசையில்: இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு உள்ளே வைப்பது; கேஸ் அடுப்பையே ஹீட்டராக எரிய விடுவது; டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பு கழன்றிருப்பது; நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது. புகை அடங்கிய தணல் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். நிஜம் தலைகீழ்: கண்ணுக்குப் புகை தெரியாத அந்தத் தணல்தான் விடிய விடிய இந்த வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுப் படுத்தவர்கள் இறந்த செய்தி வந்திருக்கிறது; வேன் அந்த அறையைவிடச் சிறியது.

லடாக்கின் லே நகரில், 3,500 மீட்டர் உயரத்தில், இதே அறிகுறிகள் மலைநோயாலும் வரும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளிக்காற்றில் கால் மணி, அரை மணியில் தெளிந்தால் வாயுதான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். ஆள் சரியும்போதும் 97, 98 என்று காட்டும்.

அலாரம் வாங்கும்போது இ.என். 50291 தரம் பாருங்கள். அந்தத் தரப்படி 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு வாயு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300-ல் 3 நிமிடத்துக்குள்ளும் அது அலற வேண்டும். படுத்தால் தலை வரும் உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரம் வேறு கருவி. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள்.

இரவு ஓடிய ஃபிரிட்ஜ் காலையில் அணைந்து கிடக்கிறது

முகப்பில் இ-1 அல்லது எஃப்-1 என்று காட்டும். பெரும்பாலான மாடல்களில் இது மின்னழுத்தக் குறைவு. ஃபிரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு ஹை, மீடியம், லோ என்று மூன்று நிலை இருக்கும். ஹை வைத்தால் பல மாடல்கள் 11.1 வோல்ட்டுக்கு அருகில் நின்றுவிடும். பேட்டரி நிஜமாகவே காலியா, ஒயர் விழுங்குகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஸர் ஓடும்போது இரண்டு இடத்தில் அளவெடுங்கள்: பேட்டரி முனையில் ஒன்று, ஃபிரிட்ஜ் பிளக்கில் ஒன்று. வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் ஒயர்தான் குற்றவாளி. கணக்கு எளிது. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர் செம்பு. 5 ஆம்பியர் ஓடும்போது 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 0.9 வோல்ட் போய்விடும். ஒன்றரையில் 0.6, ரெண்டரையில் 0.37, நான்கில் 0.23, ஆறில் 0.15. டேஷ்போர்டு சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குக் கம்பெனி இழுத்திருப்பது பெரும்பாலும் மெல்லிய ஒயர். சாக்கெட்டின் ஸ்பிரிங் தொடர்பில் இன்னும் கொஞ்சம் போகும். பேட்டரியில் பாதிச் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் "காலி" என்று நினைத்து நின்றுவிடுவது இதனால்தான்.

சரிசெய்ய: பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்குத் தனியாக 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் இழுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். நெகட்டிவை வண்டி பாடியில் எர்த் அடித்து முடிக்காமல் பேட்டரி வரைக்கும் கொண்டுபோங்கள். பெயின்ட்டும் துருவும் உள்ள போல்ட்டில் அடித்த எர்த் மழைக்காலத்தில் கைவிடும். ஒயர் நுனியில் மாட்டும் லக்கைக் கருவியால் நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள், முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சிகரெட் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இறுகப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர் வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்தது.

இரண்டு இடத்திலும் வோல்ட் குறைவாகவே இருந்தால் பேட்டரி நிஜமாகவே காலி. 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் அளவில் இழுக்கும். சமவெளி வெயிலில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர் (ஏ.எச்.). ஊட்டியில் கால்வாசி நேரம்தான் ஓடும், 24 போதும். 100 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் தினமும் எடுக்கலாம் என்பது 50. குளிரில் அதுவும் சுருங்கும். எனவே இரவில் நிற்கிறது என்றால் பகலில் கீழே என்ன நடந்தது என்று பாருங்கள். மலையேற்றத்தில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் கரண்ட்டைத் தனி பேட்டரிக்கு ஏற்றும் டி.சி-டி.சி சார்ஜரின் உள்ளே வரும் ஒயரில் இதே அளவெடுப்பைச் செய்யுங்கள்.

பாதுகாப்பு நிலை எதில் இருக்க வேண்டும்? எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே ஃபிரிட்ஜ் ஓடினால் ஹை. தனி ஈய பேட்டரி என்றால் மீடியம். லித்தியம் என்றால் லோ வைக்கலாம், அதன் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் உள் கன்ட்ரோல் போர்டு) பார்த்துக்கொள்ளும்.

கம்ப்ரஸர் கிளம்ப முயன்று, முயன்று நிற்கிறது

கிளம்பும் நொடியில் வோல்ட் சரிகிறது. மேலே சொன்ன ஒயர் வேலையை முடித்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். செக்காப் பி.டி-35 கம்ப்ரஸர் உள்ள ஃபிரிட்ஜ் என்றால் கன்ட்ரோலரில் எல்.இ.டி. சிமிட்டல் கோளாறைச் சொல்லும்: ஒரு சிமிட்டல் மின்னழுத்தக் குறைவு, இரண்டு ஃபேன், மூன்று மோட்டார் கிளம்பவில்லை, நான்கு குறைந்த வேகத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை, ஐந்து கன்ட்ரோலர் சூடேறிவிட்டது. அந்த கன்ட்ரோலர் வழக்கமாக 10.4 வோல்ட்டில் அணைந்து, 11.7-க்கு ஏறினால்தான் மறுபடி எழும். ஒருமுறை அணைந்த ஃபிரிட்ஜ் நடுராத்திரியில் தானாக எழாதது பழுது அல்ல.

நாள் முழுக்க ஓடுகிறது, பால் மட்டும் திரிகிறது

முதலில் அது கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்தானா? ஆன்லைனில் மூவாயிரம், நாலாயிரத்துக்கு விற்கும் "கார் ஃபிரிட்ஜ்" பெல்டியர் தகடு (கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) வைத்த, கம்ப்ரஸர் இல்லாத பெட்டி. வெளியே இருப்பதைவிட 15 முதல் 20 டிகிரிதான் இறக்கும், அதுவும் ஓயாமல் 4, 5 ஆம்பியர் குடித்துக்கொண்டு. 34 டிகிரி வெயிலில் அதன் உள்ளே 15, 16 இருந்தால் அது முழுத்திறனோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். பாலுக்கும் கறிக்கும் 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். அதைப் பழுதுபார்க்க ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர்தான் என்றால், முகப்பில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் சென்சாரைப் போட்டு நடுவில் வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் படியுங்கள். 5-க்கு மேலே நின்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

காற்று: ஃபிரிட்ஜின் பக்கவாட்டுக் கிரில் பக்கம் நான்கு விரல் இடமாவது இருக்க வேண்டும். பலகைப் பெட்டிக்குள் இறுக்கிச் செருகி, மேலே போர்வை மடித்து வைத்தால் தன் சூட்டையே தான் உறிஞ்சி ஓடும். பெட்டியில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை போடுங்கள்.

ரப்பர்: மூடியில் ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கசிவு. ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒத்தி நிமிர்த்தலாம்.

சுமை: 32 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரை 4 டிகிரிக்கு இறக்கவே சிறிய கம்ப்ரஸர் மூன்று மணி நேரம் போல உழைக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவு வீட்டுக் கரண்ட்டில் பொருளோடு சேர்த்து ஃபிரிட்ஜை ஓட்டிக் குளிர வைத்துவிடுங்கள். சூடான குழம்பை உள்ளே வைக்காதீர்கள். ஊட்டிக் குளிரில் மூடி வெளியே ஒரு மணி நேரம் ஆறவிட்டால் பேட்டரி மிச்சம்.

மூன்றும் சரியாக இருந்தும், கம்ப்ரஸர் ஓடுகிறது, கிரில் பக்கம் சூடே வரவில்லை, உள்சுவரில் பனி படியவில்லை என்றால் ஃபிரிட்ஜின் குளிரூட்டும் கேஸ் கசிந்திருக்கிறது. அது ஏசி மெக்கானிக் வேலை, பயணத்தில் தீராது. ஐஸுக்கு மாறுங்கள்.

ஐஸ் ஒரே நாளில் கரைந்துவிடுகிறது

ஒரு கிலோ ஐஸ் கரையும்போது ஏறக்குறைய 93 வாட்-அவர் வெப்பத்தை விழுங்கும். 40 லிட்டர் தெர்மோகோல் பெட்டி, சுவர் 2.5 செ.மீ. கனம், வெளியே 32 டிகிரி என்றால் சுவர் வழியாக மட்டுமே நாளைக்கு 8, 9 கிலோ ஐஸைத் தின்னும். சுவரை 5 செ.மீ. ஆக்கினால் பாதி. அதே பழைய பெட்டி ஊட்டியில் 3 கிலோவோடு சமாளிக்கும். ஆகவே ஐஸ் தீர்ந்தால் இன்னும் ஐஸ் வாங்குவதைவிட, பெட்டியைச் சுற்றிக் காசு கொடுத்து தெர்மோகோல் ஷீட் ஒட்டுவது மலிவு.

உடைத்த ஐஸ் வேகமாகப் போகும், கட்டி நிற்கும். பெரிய கட்டியை அடியில் வைத்து, மேலே கம்பித்தட்டு போட்டுச் சாப்பாட்டை வையுங்கள். ஐஸ் மிதக்கும் தண்ணீரை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம், அதுவும் சில்லென்றுதான் இருக்கிறது. பொருள் அதில் முங்காமல் இருந்தால் போதும். மீன் மார்க்கெட் ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எல்லாவற்றையும் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள், அந்த ஐஸை ஜூஸில் போடாதீர்கள்.

எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு குளிர்கிறது

குளிர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வருகிறது. படுத்தால் மெத்தையும் ஸ்லீப்பிங் பேக்கும் உடம்பு அழுத்தத்தில் நசுங்கி, காற்று வெளியேறிவிடும். காற்று இல்லாத பஞ்சு குளிரைத் தடுக்காது. காற்றடித்த மெத்தை இன்னும் மோசம், உள்ளே இருக்கும் காற்று சுழன்று முதுகுச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். நசுங்காத ஃபோம் வேண்டும்: 10 மி.மீ. யோகா மேட் இரண்டை அடுக்கி, மெத்தைக்கு மேலே போடுங்கள், கீழே அல்ல. அதன்மேல் கம்பளி, பிறகு ஆள்.

ரப்பர் வெந்நீர்ப் பையில் முக்கால் பங்கு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துணி சுற்றித் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். 70 டிகிரியில் இருக்கும் 2 லிட்டர் தண்ணீர் 35-க்கு ஆறுவதற்குள் 80 வாட்-அவர் சூடு கொடுக்கும். அதே சூட்டை மின்சாரத்தில் எடுத்தால் பேட்டரியில் 6, 7 ஏ.எச். போகும். இன்வெர்ட்டரில் 1,000 வாட் ரூம் ஹீட்டரைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

எங்கள் கணிப்பில், ஊட்டி, கொடைக்கானல், மூணாறுக்கு ஹீட்டரே வேண்டாம். அடியில் ஃபோம், தலைக்குக் குல்லா, காய்ந்த சாக்ஸ், ஒரு வெந்நீர்ப் பை போதும்.

காலையில் கூரையிலிருந்து சொட்டுகிறது

மழை இல்லை, மூச்சு. ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை விடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் 640 மில்லி. உள்ளே அடுப்பெரித்தால் 100 கிராம் கேஸுக்கு 160 மில்லி நீராவி கூடும். அதெல்லாம் குளிர்ந்த தகட்டிலும் கண்ணாடியிலும் போய் ஒட்டுகிறது.

குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி மூடுவதுதான் காரணம். எதிரெதிர் ஜன்னல்களை ஒரு விரல் கனம் திறந்து வையுங்கள், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இருந்தால் நல்லது. இழக்கும் சூடு கொஞ்சம்தான். நனைந்த போர்வையால் இழப்பது அதைவிட அதிகம். சமையலைப் பக்கக் கதவு திறந்து வைத்துச் செய்யுங்கள். கூரைத் தகட்டில் 19 மி.மீ. நைட்ரைல் ஃபோமை இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவே இடம் விட்டால் தண்ணீர் அங்கே ஒளிந்து துருப்பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் இந்த அளவு நீருக்கு எந்த மூலைக்கு?

டீசல் ஹீட்டர் வெண்புகை விட்டு அணைகிறது

லடாக், ஸ்பிதி பக்கம் போகிறவர்கள் மாட்டும் ஹீட்டர் இது. வெண்புகை எரியாத டீசல். பற்றவைக்கும் குளோ பிளக் முதல் இரண்டு மூன்று நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். ஒயர் மெலிந்திருந்தால் அது சிவக்காது, டீசல் மட்டும் ஹீட்டரின் எரியறைக்குள் சேரும். கிளம்பும்போது ஹீட்டர் முனையில் 11.5-க்குக் கீழே போனால் ஒயரை மாற்றுங்கள். இரண்டு முறை முயன்றும் பற்றாவிட்டால் நிறுத்துங்கள். தேங்கிய டீசல் மூன்றாம் முறை பற்றினால் குபீரென்று எரியும்.

கரும்புகையும் கரியும் வந்தால் காற்றுக்கு டீசல் அதிகம். லேவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆனால் பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளுகிறது. கன்ட்ரோலரில் மலை உயரத்துக்கான நிலை இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பம்பின் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை தட்டு என்பதை) படிப்படியாகக் குறையுங்கள். டிராவலர் அளவு வண்டிக்கு 2 கிலோவாட் போதும். 5 வாங்கினால் எப்போதும் மிகக் குறைந்த நிலையிலேயே ஓடி, கரி பிடித்துச் சாகும். எதுவாக இருந்தாலும் நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். அணைக்கும்போது பட்டனில் அணைத்து, ஃபேன் தானாக நிற்கும்வரை பேட்டரியைத் துண்டிக்காதீர்கள்.

பம்ப் டிக்டிக் என்கிறது, டீசல் வரவில்லை என்றால் ஒளிபுகும் குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா பாருங்கள். பம்பின் வெளிவாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கடுங்குளிரில் டீசலே மெழுகு கட்டியிருக்கலாம். இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. சமவெளியில் நிரப்பிய டேங்க்கோடு மேலே போய் நிற்காமல், வழியிலேயே அதைக் கலந்து ஓட்டுங்கள்.

கேன் அடுப்பில் சுடர் சோர்ந்து போகிறது

கேன் காலியாகவில்லை. அதில் இருக்கும் பியூட்டேன் கேஸ் மைனஸ் அரை டிகிரிக்கு மேலேதான் ஆவியாகும். எரியும்போது கேன் தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்ளும். வெளியே 5 டிகிரி இருந்தாலே தடுமாறும். இரவில் கேனைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அடியை வையுங்கள். நெருப்பில் காட்டவே கூடாது. புரொப்பேன் கலந்த கேன் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அது மைனஸ் 42 வரை ஆவியாகும்.

மாவு புளிக்கவில்லை, முட்டை உறைந்து வெடிக்கிறது

முதலாவது ஊட்டி: இட்லி மாவைக் கீழேயே புளிக்க வைத்து ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். இரண்டாவது லடாக்: வேனுக்குள்ளேயே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது ஃபிரிட்ஜுக்குச் சூடாக்கத் தெரியாது. அணைத்துவிட்டு, மூடிய பெட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். உள்ளே ஒரு வெந்நீர் பாட்டில்.

வெயில் அடிக்கிறது, சோலார் பேட்டரியை ஏற்றவில்லை

லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி செல் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பி.எம்.எஸ். சார்ஜை மட்டும் தடுத்து நிறுத்தும், ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரியைச் சேஸுக்கு வெளியே தொங்க விடாமல் படுக்கைக்கு அடியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வேன் சூடேறி, செல் 5 டிகிரி தாண்டியதும் தானே ஏறத் தொடங்கும். குறைந்த வெப்பநிலைக் காப்பு இல்லாத மலிவு பி.எம்.எஸ். என்றால் சோலாருக்கு ஒரு தனி சுவிட்ச் போட்டு, இரவில் அணைத்துவிட்டு, காலையில் பேட்டரிமேல் ஒட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்த பிறகு போடுங்கள்.